கடைசி மூன்று நாள் தண்ணீரையும் உப்பையும் நிறுத்தினால்தான் கட்ஸ் வருமா?

கேள்வி, 3 ஜூன் 2024
அண்ணா, செப்டம்பர் நடுவில் ஒரு நேச்சுரல் (ஊக்கமருந்து எடுக்காதவர்களுக்கான) ஆணழகன் போட்டி இருக்கிறது. இப்போது 78 கிலோ, உயரம் 165 செ.மீ. 65 கிலோ பிரிவில் இறங்கு, பன்னிரண்டு வாரம் போதும், கடைசி மூன்று நாள் தண்ணீரையும் உப்பையும் நிறுத்தினால் கட்ஸ் (தசைகளைப் பிரித்துக் காட்டும் கோடுகள்) தானாக வந்துவிடும் என்கிறார் எங்கள் ஜிம் மாஸ்டர். ஸ்டெராய்டு ஊசி எதுவும் போட்டதில்லை, போடவும் மாட்டேன். அவர் சொல்வது சரிதானே?

3 ஜூன், இரவு 10.40
இல்லை தம்பி, சரியில்லை. 2019-ல் நானும் இதையேதான் செய்தேன். 77 கிலோவில் தொடங்கி 12 வாரத்தில் 66-க்கு வந்தேன். கடைசி மூன்று நாள் உப்பில்லாத கோழி, உப்பில்லாத சோறு, வெள்ளிக்கிழமை ஒரு லிட்டர் தண்ணீர், சனிக்கிழமை அரை லிட்டர், ஞாயிறு காலை நாக்கை நனைக்க மட்டும். மேடைக்குப் பின்னால் பம்ப் எடுக்க (தசையில் இரத்தம் ஏற்றிப் புடைக்க வைக்க) டம்பெல்லைத் தூக்கினேன், கையில் ஒன்றும் ஏறவில்லை. நரம்பு தெரியவில்லை, தசை சப்பையாகக் கிடந்தது, சைடு செஸ்ட் போஸ் கொடுக்கும்போது தொடை பிடித்துக்கொண்டு கால் ஆடியது. புதன்கிழமை ஜிம்மில் நண்பன் எடுத்த போட்டோவையும் ஞாயிற்றுக்கிழமை மேடைப் போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அழுகை வந்தது. புதன்கிழமை இருந்த உடம்பு மேடையில் இல்லை.

இன்னொன்று, 12 வாரத்தில் 13 கிலோ என்றால் வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். ஊசி போடாத உடம்பு அந்த வேகத்தில் கொழுப்போடு தசையையும் சேர்த்தே விட்டுவிடும். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் வரை இறக்குவது நல்லது என்று நேச்சுரல் போட்டியாளர்களுக்காகவே 2014-ல் வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. உன் எடைக்கு அது 390 முதல் 780 கிராம். செப்டம்பரை விட்டுவிடு. டிசம்பரில் ஏதாவது போட்டி இருக்கிறதா பார்.

4 ஜூன்
நேற்று தூக்கக் கலக்கத்தில் காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தசையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர்தான். சோறு சாப்பிட்டால் அதிலுள்ள மாவுச்சத்து கிளைகோஜனாகத் தசைக்குள் சேர்கிறது, ஒரு கிராம் கிளைகோஜன் சேர ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் கூடவே போக வேண்டும். தண்ணீரை நிறுத்திவிட்டுச் சோற்றை ஏற்றினால் அது எங்கே போய் நிற்கும்? தோலுக்கு அடியில் இருக்கும் தண்ணீரை மட்டும் தேடிப்பிடித்து வெளியேற்ற உடம்புக்குத் தெரியாது, தசைக்குள் இருப்பதும் சேர்ந்தே வற்றும்.

உப்பும் அப்படித்தான். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் கொடுக்கிறார்கள் இல்லையா, அது ஏன்? குடலில் குளுக்கோஸ் உள்ளே போக சோடியம் துணை வேண்டும், இரண்டும் சேர்ந்து போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகிறது. சோற்றை அதிகம் சாப்பிட வேண்டிய நாளில் உப்பை நிறுத்துவது அந்தக் கதவைச் சாத்துவது போல. உப்பு குறைந்தால் இரத்த அளவும் குறையும், பம்ப் வராது.

அப்படியானால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஊசி போடுகிறவர்களிடமிருந்து. சில ஸ்டெராய்டுகள் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறி தோலுக்கு அடியில் நீரைக் கட்டிவைக்கும். அதை இறக்க அவர்கள் நீர் பிரியும் மாத்திரை போடுகிறார்கள், அதுவும் தடை செய்யப்பட்டதுதான். 1992-ல் ஹாலந்தில் ஒரு பெரிய போட்டியில் வென்ற சில மணி நேரத்திலேயே மொஹம்மத் பெனஜிஸா என்ற பாடிபில்டர் இறந்துபோனார். உடம்பில் நீர் வற்றியதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். நமக்கு அந்த நீர்க்கட்டே இல்லாதபோது அதற்கான வைத்தியம் எதற்கு? நம் கட்ஸை மறைப்பது கொழுப்பு. அது மூன்று நாளில் போகாது, மாதக்கணக்கில்தான் போகும்.

உங்கள் மாஸ்டரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அவர் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது அது.

6 ஜூன்
தம்பி டிசம்பர் 15-க்கு மாற்றிக்கொண்டான். ஆக 27 வாரம். நல்ல முடிவு.

சாப்பாடு கேட்டிருந்தாய். திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங்கில் வேலை எனக்கு, பாதி நாள் ஒன்றரை ஷிப்ட் ஓடும், சமைத்துத் தர நேரமும் இல்லை, பவுடருக்குப் பெரிய பணமும் இல்லை. 2022-ல் இரண்டாவது முறை தயாரானபோது தினசரி இதுதான்: முழு முட்டை 3, வெள்ளைக்கரு 7, தோல் உரித்த நெஞ்சுக்கறி 300 கிராம், மீல்மேக்கர் 50 கிராம், தயிர், பருப்பு, அரிசி 150 கிராம், காய் நிறைய. கறி, முட்டை, மீல்மேக்கரில் மட்டும் 135 கிராம் புரோட்டீன் வந்துவிடும், மற்றதெல்லாம் சேர்ந்தால் 160-ஐத் தாண்டும். கொழுப்பைக் கழித்த எடையில் கிலோவுக்கு 2.3 முதல் 3.1 கிராம் என்பது அந்த 2014 கட்டுரைக் கணக்கு, சாப்பாடு குறையக் குறைய மேல் எண்ணை நோக்கிப் போக வேண்டும்.

மீல்மேக்கரை யாரும் மதிப்பதில்லை. காய்ந்த நிலையில் 100 கிராமில் 52 கிராம் புரோட்டீன். ஊறவைத்து நன்றாகப் பிழிந்து மிளகு போட்டு வறுத்தால் போதும்.

எண்ணெயைக் கரண்டியில் அளந்து ஊற்று. ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. முதல் இரண்டு மாதம் எடை ஏன் இறங்கவில்லை என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன், கடைசியில் பார்த்தால் வீட்டில் பொரியலுக்குத் தாளிக்கிற எண்ணெயும் தேங்காயும் என் நோட்டுக்குள் வரவே இல்லை.

15 ஜூன்
அவசரத் திருத்தம். அரிசி 150 கிராம் என்று எழுதியது வேகவைக்காத அரிசி. தம்பி வடித்த சோற்றை 150 கிராம் எடை போட்டுச் சாப்பிட்டிருக்கிறான், ஒன்பது நாளில் தலைசுற்றல். 150 கிராம் அரிசி வெந்தால் 400 கிராமுக்கு மேல் சோறு, 520 கலோரிக்குப் பக்கம். வெந்த சோறு 150 கிராம் என்றால் 195 கலோரிதான். தப்பு என்னுடையது, தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கறியும் அப்படித்தான், பச்சையாக இருக்கும்போதே எடை போடு.

29 ஜூன்
கட்டிங் நேரத்தில், அதாவது கொழுப்பை இறக்கும் மாதங்களில், வெயிட்டைக் குறைத்து ரெப்ஸை (ஒரு செட்டில் தூக்கும் எண்ணிக்கையை) கூட்ட வேண்டும் என்று வேறொரு நண்பர் எழுதியிருக்கிறார். இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் யோசித்துப் பாருங்கள், 80 கிலோ ஸ்குவாட் போட்டு வளர்ந்த தொடை, 40 கிலோ போட்டால் எதற்காக அப்படியே இருக்க வேண்டும்? சாப்பாடு குறைவாக வருகிறது, கனமும் வரவில்லை, இந்தத் தசையால் இனி என்ன வேலை என்று உடம்பு நினைக்கும். கனத்தை முடிந்தவரை பிடித்து வையுங்கள். செட் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தால் பரவாயில்லை. கட்ஸ் சமையலறையிலிருந்துதான் வருகிறது.

2 ஜூலை
நடை. பத்தாவது வாரத்துக்கு மேல் உடம்பு தானாகவே சோம்பேறியாகும், நமக்கே தெரியாது. 2022-ல் போனில் பார்த்தால் ஒரு நாளைக்கு 9,000 காலடி நடந்துகொண்டிருந்தவன் 5,000-க்கு வந்திருந்தேன். டீ வாங்கப் பக்கத்துத் தெருவுக்கு வண்டி, மேசையைச் சுற்றி வராமல் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டுவது, இப்படியே நூறு சின்னச் சின்ன மிச்சப்படுத்தல். காலடிகளை எண்ணிக்கொண்டு வந்தால் சாப்பாட்டை இன்னும் வெட்டாமலே எடை இறங்கும்.

21 ஜூலை
ஊசி இல்லாமல் நம் ஊர்க்காரன் எங்கே ஜெயித்திருக்கிறான் என்று ஒருவர் கேட்டிருந்தார். மனோகர் ஐச். வங்காளி, உயரம் நாலடி பதினோரு அங்குலம். வெள்ளைக்கார அதிகாரியை அடித்துச் சிறைக்குப் போனவர், சிறைக்குள்ளேயே உடற்பயிற்சி செய்தவர், 1952-ல் லண்டனில் தன் உயரப் பிரிவில் மிஸ்டர் யூனிவர்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு மனோதோஷ் ராய், அவரும் வங்காளிதான். ஐச் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2016-ல் காலமானார். இன்று எல்லா ஜிம்களிலும் பேசப்படும் டயனபால் என்ற ஸ்டெராய்டு மாத்திரை சந்தைக்கு வந்ததே 1958-ல்.

22 ஜூலை
நேற்று எழுதியதைப் பற்றி ராத்திரி யோசித்தேன். 1935-லேயே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஆய்வகத்தில் தயாரித்துவிட்டார்கள், எனவே டயனபால் இல்லாத காலம் என்பதை மட்டும் வைத்து யாரையும் சுத்தம் என்று நிரூபித்துவிட முடியாது. ஆண்டுக் கணக்கை நான் ஆதாரம் போல எழுதியது சரியல்ல. ஆனாலும் சிறைச் சாப்பாட்டில் பயிற்சி செய்த அந்த மனிதரை நினைத்தால் என் ஒன்றரை ஷிப்ட் ஒரு கஷ்டமாகத் தெரிவதில்லை. அதற்காகத்தான் அவரை இழுத்தேன்.

11 ஆகஸ்ட்
இதைத் தயவுசெய்து எல்லாரும் படியுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை உள்ள போட்டி என்றால் இருமல் மருந்தை லேபிள் பார்க்காமல் குடிக்காதீர்கள்.

2022-ல் போட்டிக்கு ஒன்பது நாள் முன்னால் எனக்கு வறட்டு இருமல். மெடிக்கலில் கேட்டதும் ஒரு சிரப் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்த பிறகு என்னவோ தோன்றிப் பின்பக்கம் படித்தேன்: அம்ப்ராக்ஸால், குவைஃபெனசின், டெர்பியூடலின். டெர்பியூடலின் வாடா பட்டியலில் எல்லாக் காலத்திலும் தடை செய்யப்பட்டது. (உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையைத்தான் வாடா என்கிறார்கள், இந்தியாவில் உள்ளது நாடா. பெயரைச் சொன்னதும் ஜிம்மில் எல்லாரும் சிரித்தார்கள், "வாடான்னா வரமாட்டேன்னு சொல்லிடு" என்றான் ஒருவன்.) நம் ஊரில் சாதாரணமாக விற்கும் எத்தனையோ இருமல் சிரப்களில் டெர்பியூடலினோ லெவோசால்பியூட்டமாலோ இருக்கிறது. சால்பியூட்டமாலை இன்ஹேலரில் குறிப்பிட்ட அளவுக்குள் எடுக்கலாம், குடிக்கிற மருந்தாக எடுக்கக் கூடாது. தெரியாமல் குடித்தேன் என்று சொன்னால் எடுபடாது, உடம்புக்குள் இருப்பதற்கு நாம்தான் பொறுப்பு.

காய்ச்சலுக்கு ஒரு ஊசி போட்டால் மறுநாளே எழுந்துவிடுகிறோமே, அதிலும் பல நேரம் டெக்ஸாமெத்தசோன் இருக்கும். போட்டிக் காலத்தில் அதுவும் தடை. டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாக "பரிசோதனை உள்ள போட்டிக்குப் போகிறேன்" என்று சொல்லுங்கள். நான் அன்று சிரப்பை அப்படியே வைத்துவிட்டு சுக்கு, மிளகு, தேனோடு ஓட்டினேன்.

கிரியேட்டின், காபி இரண்டும் தடையில்லை. பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் புதிதாக வரும், பழைய ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள்.

12 ஆகஸ்ட்
பொய் கண்டறியும் கருவி வைப்பார்களா என்று கேட்டவருக்கு: டபிள்யூ.என்.பி.எஃப். (உலக நேச்சுரல் பாடிபில்டிங் கூட்டமைப்பு) போன்ற அமைப்புகள் அதையும் சிறுநீர்ப் பரிசோதனையையும் சேர்த்தே வைக்கின்றன, பத்து ஆண்டுகளாக மருந்து தொடாதவராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. எல்லாப் போட்டியிலும் அப்படியில்லை. நேச்சுரல் என்று போஸ்டரில் போட்டுவிட்டுப் பரிசோதனையே இல்லாத போட்டிகளும் உண்டு. பணம் கட்டும் முன் யாரைச் சோதிக்கிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

8 செப்டம்பர்
தம்பி 72.9. காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு 48-க்கு வந்துவிட்டது, அத்லெட் மாதிரி ஆகிவிட்டேன் என்று மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறான்.

2022-ல் எனக்கும் 44 வரை இறங்கியது, நானும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் 2013-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஒரே ஒரு நேச்சுரல் போட்டியாளரை, போட்டிக்கு முன் ஆறு மாதமும் பின் ஆறு மாதமும் பின்தொடர்ந்திருக்கிறார்கள். நாடித்துடிப்பு 53-லிருந்து 27. டெஸ்டோஸ்டிரோன் ஒரு மில்லிலிட்டருக்கு 9.22 நானோகிராமிலிருந்து 2.27. போட்டி முடிந்து சாப்பாடு ஏறியதும் இதெல்லாம் திரும்பியது, ஆனால் பலம் ஆறு மாதம் ஆகியும் முழுதாகத் திரும்பவில்லை. எனவே அது ஃபிட்னஸ் மட்டுமல்ல, அடுப்பைச் சிறிதாக்கி எரிவாயுவை மிச்சம் பிடிக்கிறது உடம்பு. பயப்பட வேண்டாம், ஆனால் பெருமையும் வேண்டாம். தலைசுற்றல், நெஞ்சில் படபடப்பு இருந்தால் உடனே டாக்டர்.

9 செப்டம்பர்
கோபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருபதாவது வாரம் என் மகள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றாள். நொறுக்கும் சத்தம் தாங்காமல் கத்திவிட்டேன். ஏழு வயதுக் குழந்தை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றாள். அன்றைக்கு ராத்திரி மனைவி ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. மறுநாளிலிருந்து ஒரு வாரம் பழைய அளவுக்குச் சாப்பாட்டை ஏற்றினேன். எடை ஒரு கிலோ கூடி, அடுத்த வாரமே அதைவிட அதிகமாக இறங்கியது. தூக்கமும் திரும்பியது. 27 வாரம் வைத்துக்கொள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவும் காரணம், அவகாசம் இருந்தால்தான் இப்படி ஒரு வாரம் நின்று மூச்சு விட முடியும்.

6 அக்டோபர்
ஒரு சகோதரி எழுதியிருக்கிறார், தயாரிப்பில் நான்காவது மாதம், இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை, கோச் இது சகஜம் என்கிறாராம். பலருக்கு நடப்பதால் அது நல்லதாகிவிடாது அக்கா. சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்லும் முறை அது, நீண்டால் எலும்பு பலமும் குறையும். போட்டி அடுத்த வருடமும் வரும். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், சாப்பாட்டை ஏற்றுங்கள்.

13 அக்டோபர்
போஸிங். இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். ஏழு கட்டாய போஸ்: முன்பக்க டபுள் பைசெப்ஸ், முன்பக்க லேட் ஸ்ப்ரெட், சைடு செஸ்ட், பின்பக்க டபுள் பைசெப்ஸ், பின்பக்க லேட் ஸ்ப்ரெட், சைடு ட்ரைசெப்ஸ், வயிறும் தொடையும். நடுவர் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஒரே போஸில் அரை நிமிடம் நிற்க வேண்டி வரும், அதுவும் சிரித்துக்கொண்டு. தினமும் இருபது நிமிடம். கடைசி நான்கு வாரம் கண்ணாடி இல்லாமல், மேடையில் கண்ணாடி கிடையாது. பின்பக்க போஸில் கெண்டைக்காலை மறந்துவிடுகிறார்கள், பாதத்தை ஊன்றியதும் முதலில் அதை இறுக்கு.

1 நவம்பர்
நேற்று தீபாவளி. தம்பி அம்மா கையால் செய்த அதிரசம் இரண்டு சாப்பிட்டுவிட்டு நான்கு முறை மன்னிப்பு எழுதியிருக்கிறான். இரண்டு அதிரசத்தில் எந்தப் போட்டியும் போகாது தம்பி. இன்று மீண்டும் வழக்கமான தட்டு. காலையில் எடை ஏறியிருந்தால் உப்பும் தண்ணீரும்தான், அதைப் பார்த்து பயந்து பட்டினி கிடக்காதே.

24 நவம்பர்
68.7. அடித்தொடையில் கோடு தெரிய ஆரம்பித்துவிட்டது, போட்டோ பார்த்தேன். 65 வராது, வர வேண்டாம். 70 கிலோ பிரிவில் நில். எடை போடும் இயந்திரத்துக்குப் பரிசு கொடுப்பதில்லை.

8 டிசம்பர்
கடைசி வாரம். இந்த இழை தொடங்கியதே இதற்காகத்தான், 2022-ல் நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். தண்ணீர் வழக்கமான அளவு, எனக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், சனிக்கிழமை இரவு வரை மாற்றமில்லை. உப்பு வழக்கம்போல. புதன்கிழமையோடு கால் பயிற்சி முடிந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாள் சோற்றை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றினேன், கறியைக் கொஞ்சம் குறைத்தேன், வயிறு உப்பாமல் இருக்கக் காயையும் கொண்டைக்கடலையையும் நிறுத்தினேன். சனிக்கிழமை சாதாரண அளவு. புதிதாக எதுவும் சாப்பிடவில்லை. ஞாயிறு காலை இட்லி, கொஞ்சம் உப்புப் போட்ட தேங்காய்ச் சட்னி, தண்ணீர் தாகத்துக்கு. மேடைக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வாழைப்பழமும் ஒரு துண்டு கடலைமிட்டாயும். 64.8 கிலோவில் நின்றேன், 2019-ஐவிட ஒரு கிலோ குறைவு, ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் எடை கூடியிருக்கிறாயா என்றுதான் கேட்டார்கள்.

உடம்பில் பூசும் கலர்: நாம் கறுப்புதானே, நமக்கெதற்கு என்று விட்டுவிடாதே. மேடை விளக்கு எல்லா நிறத்தையும் வெளுக்க வைக்கும், நிழல் விழாவிட்டால் கட்ஸ் தெரியாது. முந்தின நாளே முடியை எடுத்துவிட்டு இரவு ஒரு பூச்சு, காலையில் ஒரு பூச்சு. பழைய பெட்ஷீட்டில் படு.

9 டிசம்பர்
சோறு இரண்டு மடங்கு என்பது எனக்குச் சரிவந்தது. உனக்கு எப்படி என்று இரண்டு வாரம் முன்பே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். இப்போது நேரம் இல்லை, ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொள்.

15 டிசம்பர், இரவு
70 கிலோ பிரிவில் நான்காவது! எடை 67.6. நான் பஸ் ஏறிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பின்பக்க டபுள் பைசெப்ஸில் முதுகு முழுக்கத் திறந்தது, கெண்டைக்கால் இறுகியே இருந்தது. கால் நடுங்கவில்லை. மேடைக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நின்றவன் இவன் ஒருவன்தான், மற்ற இரண்டு பையன்கள் வாங்கிக் குடித்தார்கள். அவன் மாஸ்டரும் வந்திருந்தார். அடுத்த வருடம் இவனுக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார், ரொம்ப நேரம் பேசினோம்.

18 டிசம்பர்
தம்பி, இப்போதுதான் ஆபத்தான காலம். 2019-ல் போட்டி முடிந்த ஒன்பது நாளில் நான் 7 கிலோ ஏறினேன். பரோட்டா, பிரியாணி, ஐஸ்க்ரீம், வயிறு வலித்தாலும் கை நிற்கவில்லை. கணுக்கால் வீங்கி செருப்பு நுழையவில்லை, ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியது. பசி தட்டில் இல்லை, மண்டையில் இருந்தது. 2022-ல் போட்டிக்கு முன்பே அடுத்த எட்டு வாரச் சாப்பாட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தேன், முதல் மாதத்தில் 4 கிலோ ஏறட்டும் என்று திட்டம் போட்டே ஏற்றினேன். வயிற்றுக் கட்டு மறைவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அதே உடம்போடு ஆறு மாதம் வாழ முடியாது, தூக்கம் வராது, குளிர் தாங்காது, வீட்டில் யாரிடமும் நல்லபடியாகப் பேச முடியாது.

22 டிசம்பர்
இன்று காலை 70.3. சரியாகப் போகிறது. அடுத்த திங்கள் வரை அரிசியை இன்னும் 40 கிராம் கூட்டச் சொல்லியிருக்கிறேன். வேகவைக்காத அரிசி.